தட்டில் மிஞ்சிய ரோலர்

இது நடந்தது. நடந்தபடியே சொல்லியிருக்கிறது. ஒரு கடுகு அளவுகூடச் சேர்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் எதற்கெடுத்தாலும் பத்மநாபசுவாமி மேல் சத்தியம் செய்வது வழக்கம். அவரும் பாவம், படுத்த படுக்கையில் எத்தனை பொய்ச் சத்தியத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்? அவரை விட்டுவிடுவோம். மிச்சமிருக்கும் நாலு பல்லின்மேல் சத்தியம். இதில் பொய் இருந்தால் அந்த நாலும் இன்றைக்கே உதிரட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் ஆடி அமாவாசை. மலையாளத்துக்காரர்கள் கர்க்கடக வாவு என்பார்கள். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான். செத்துப்போனவர்கள் சோற்றுக்கு வரும் நாள்.

ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்தைத் தாண்டி ஒரு குறுகிய வழி போகும். அதன் முனையில் பூதலிங்கத்தின் ஒர்க்‌ஷாப். இரண்டு வண்டி நிறுத்தினால் மூன்றாவது வண்டிக்கு அடுத்த ஜென்மம்தான். பூதலிங்கத்துக்கு வயது ஐம்பத்திமூன்று. அவர் இடுப்புக்கு எழுபது இருக்கும். நாகர்கோவில் வடசேரியில் வீடும் பெண்டாட்டியும். வாரமெல்லாம் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு பெஞ்சில் படுக்கை. மாதம் ஒரு தடவை ஊர்.

அன்று அவர் காலையிலேயே களைத்திருந்தார். முந்தின நாள் களைப்பு அது. அதற்கும் முந்தின நாளுடையதும் கொஞ்சம் கலந்திருந்தது. ஆனாலும் பகல் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் விடியுமுன் கன்னியாகுமரிக் கடலில் இறங்கி அப்பாவுக்குப் பிண்டம் வைக்க வேண்டும். அவர் ஒரே பிள்ளை. அவர் வைக்காவிட்டால் வைக்க ஆள் இல்லை. மூன்று வருஷமாக வைக்கவில்லை. ஒரு வருஷம் காய்ச்சல். ஒரு வருஷம் பஸ் ஸ்டிரைக். போன வருஷம் சும்மா தூங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பெண்டாட்டி பிச்சம்மாள் போன் பண்ணியிருந்தாள். பக்கத்து டீக்கடைக்குத்தான் போன் வரும்.

"இந்த வருஷமும் வரலேன்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் சேத்து ஒரு உருண்டை வெச்சிட்டு வந்திருவேன்."

"நாளைக்கு ராத்திரிப் படுக்கை அங்கதான்டீ."

"எந்த வருஷத்து நாளைக்குன்னு சொல்லலியே."

போனை வைத்துவிட்டாள்.

ஆக, சனிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு பூதலிங்கம் பையை அடுக்கி ஆணியில் மாட்டி, பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். மீதிப் பாதியின் வழியாக ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் நுழைந்தது.

பின்னால் ராஜமணி. நனைந்து, மூச்சு வாங்கி, வலது காலை இழுத்துக்கொண்டு. ஒரு பிளைவுட் கம்பெனியில் கணக்கப்பிள்ளை. நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் முருங்கைக்காய் மாதிரி ஆனவர். வண்டியோ எழுபத்திரண்டாம் வருஷத்து ஜப்பான் வண்டி. நீல டாங்க், இரட்டை சிலிண்டர். கப்பல் இன்ஜினியர் ஒருவர் வைத்திருந்து விற்றது. கிக்கரும் உண்டு, பட்டனும் உண்டு. ராஜமணிக்குக் கிக்கரால் பயனில்லை. பட்டன்தான் அவர் கால்.

"பட்டனை அமுக்கினா மோட்டார் மட்டும் விர்ர்னு கறங்குது. இன்ஜின் அனங்க மாட்டேங்குது."

"ஸ்டார்டர் கிளட்ச்சு தேஞ்சிருக்கும் சார். ரெண்டு மாசம் முன்னமே சொன்னேனே?"

"சொன்னீரு. மெட்ராஸ்லருந்து பார்ட்ஸும் வரவழைச்சு வெச்சிருக்கேன். மடி பிடிச்சு, சோம்பி இருந்துட்டேன்." ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "நாளைக்கு வெளுக்கும் முன்ன திருவல்லத்துல, ஆத்தங்கரையில அம்மாவுக்கு பலி. வாவுத் திரக்குல, அம்புட்டு கூட்டத்துல, இந்தக் காலை வெச்சுட்டு பஸ்ஸுல ஏற முடியுமா? நீரே சொல்லும்."

பூதலிங்கம் பையைப் பார்த்தார். ராஜமணியின் காலைப் பார்த்தார். அவருக்கு அம்மா, இவருக்கு அப்பா. இரண்டு பேருக்கும் ஒரே விடியற்காலை.

"மூணு மணிக்கூர் நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். நான் போனாலும் சாவி டீக்கடை ஜெயபாய்கிட்ட இருக்கும்."

"அஞ்சே முக்காலுக்கு வாரேன். வலிய உபகாரம்."

"உபகாரம் கிடக்கட்டும். அந்த ஷட்டரைத் தூக்கிட்டுப் போங்க. எனக்குக் குனிய வயசில்ல."

ஒரு மணி பஸ் போயிற்று. நாலு மணி பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் இடது மூடியைக் கழற்றினால் உள்ளே மேக்னெட் என்று ஒரு கனமான சக்கரம். புல்லர் போட்டு அதை இழுத்து எடுத்தால், அதன் முதுகில் மூன்று குழி. குழிக்கு ஒரு ரோலர், ஒரு தொப்பி, ஒரு ஸ்பிரிங். சுண்டுவிரல் நகம் அளவு ரோலர். பட்டனை அமுக்கினால் மோட்டார் சுற்றும். மூன்று ரோலரும் இறுகி இன்ஜினைப் பிடித்துச் சுழற்றும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் விட்டுவிடும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்து, விட வேண்டிய நேரத்தில் விடுவதுதான் அதன் ஜோலி. தேய்ந்துவிட்டால் பிடிக்காது. மோட்டார் தனியாகச் சுற்றும். விர்ர்ர்…

மொத்தம் மூன்று. இதை நினைவில் வைத்தால் போதும்.

பழைய மூன்றும் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தன. அவற்றை ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தார். பொட்டலத்தைப் பிரித்து, புது ரோலர்களை அலுமினியத் தட்டில் கொட்டினார். மூன்று. விரல் வைத்து எண்ணினார். மூன்றேதான். கிரீஸ் தடவி, மூன்றையும் குழியில் உட்கார வைத்தார். தட்டு காலி.

மணி இரண்டு ஐம்பது. மேக்னெட்டை மாட்டி மூடியைப் பூட்டினால் முடிந்தது. அதற்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம்.

அன்றைக்கு ஒரு நேரம்தான் சோறு. மறுநாள் பலி போடுகிறவர்கள் முந்தின நாள் ஒரே ஒரு வேளை அரிச்சோறு சாப்பிடுவது அங்கே முறை. பக்கத்து டீக்கடை ஜெயபாய் வாழையிலையில் பொதிச்சோறு கட்டி வைத்திருந்தாள். பூதலிங்கம் பின்கதவைத் திறந்து, தெற்கே பார்த்த படியில் உட்கார்ந்து பொதியைப் பிரித்தார். மழை விட்டிருந்தது. பாதிதான் சாப்பிட முடிந்தது. மெல்லுவதற்குக்கூடத் தாடை சலித்துப்போயிருந்தது. மிச்சத்தை, ஏதோ நினைவில், கையால் ஒரு உருண்டையாகச் சேர்த்து இலை நடுவில் வைத்தார். படியிலேயே விட்டார். பக்கெட்டில் கை கழுவினார். துடைக்கத் துணி எட்டவில்லை. எழுந்துபோய் எடுக்க இடுப்பு சம்மதிக்கவில்லை. ஈரக் கையை இரண்டு தடவை தட்டி உதறினார்.

டப்… டப்…

மணி மூன்று பத்து. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வரும் என்று நம்புகிறவர்கள் தயவுசெய்து இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.

டீக்கடைப் பின்பக்கத்திலிருந்து ஜெயபாய் எட்டிப் பார்த்தாள். குளச்சல்காரி. வாய் எப்போதும் கொதிக்கும் பாய்லர்.

"அண்ணாச்சி! யாரைக் கூப்பிடுதீய?"

"யாரையும் இல்ல. தண்ணி உதறினேன்."

"வாவுக்கு முந்தின நாளு, தெக்க பாத்து, சோத்தை உருட்டி வெச்சு, ஈரக் கையைத் தட்டுனா… அது தண்ணி உதறதா? செத்தவங்களைப் பலிக்குக் கூப்பிடதுல்லா?"

"காக்கா தின்னுட்டுப் போவுது, போ."

"எங்க காக்கா?"

பூதலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். மதில் மேல் எப்போதும் இருபது காக்காய் இருக்கும். ஒரு பருக்கை சிந்தினால் சண்டை போடும். அன்று மதில் காலி. தென்னை மரம் காலி. ஒரு சத்தம் இல்லை. மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம்கூட நின்றிருந்தது.

"சலிப்பா இருக்கு ஜெயபாய். பெறவு பயப்படலாம்."

உள்ளே வந்து மேக்னெட்டை மாட்டினார். போல்ட்டை முறுக்கினார். மூடியை வைத்து எட்டு ஸ்க்ரூவையும் இறுக்கினார். மூன்று ஐம்பது. கை துடைக்கத் திரும்பினார்.

அலுமினியத் தட்டில் ஒரு ரோலர்.

புதுசு. பளபளவென்று. கிரீஸ் பூசி, அவர் விரல் ரேகையோடு.

பூதலிங்கம் பயப்படவில்லை. மெக்கானிக் யாரும் இதற்குப் பயப்பட மாட்டான். 'ஒன்றைப் போடாமல் விட்டிருக்கிறேன். கிழடு தட்டிவிட்டது' என்றுதான் நினைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எட்டு ஸ்க்ரூ, மூடி, போல்ட், புல்லர். நாலு மணி பஸ்ஸும் போயிற்று.

நாலு இருபதுக்கு மேக்னெட் கையில் வந்தது. கவிழ்த்துப் பார்த்தார்.

மூன்று குழி. மூன்று ரோலர்.

திரும்பித் தட்டைப் பார்த்தார்.

காலி.

தட்டைத் தூக்கிக் கவிழ்த்தார். பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்தார். தரையில் ரோலர் இல்லை. வேறொன்று இருந்தது. ஈரக் கால் தடம். பின்படியில் தொடங்கி, பெஞ்சைச் சுற்றி, தட்டு இருந்த இடத்தில் கொஞ்சம் நின்று, வாசலைப் பார்த்துப் போயிருந்தது. வெறும் கால். அவர் காலில் செருப்பு. உள்ளே வந்த தடம் உண்டு, வெளியே போன தடம் உண்டு. பின்படிக்கு அப்பால், மழைச் சேற்றில், ஒன்றும் இல்லை. சேறு வழித்துவைத்த மாவு மாதிரிக் கிடந்தது.

படியில் இலை இருந்தது. சோறு இல்லை. ஒரு பருக்கை சிதறவில்லை. கழுவித் துடைத்தது போல் இருந்தது இலை.

காக்காய் அப்படிச் சாப்பிடாது.

"பூனையா இருக்கும்" என்றார் சத்தமாக. யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

நாலரைக்கு ஜெயபாய் டீ கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க எப்ப திரும்பி வந்தீய?"

"நான் எங்க போனேன்?"

"மூணே காலுக்குக் கிழக்கேகோட்டைப் பக்கமா நடந்து போனீயல்லா? தலையோட நனைஞ்சு, குடையும் இல்லாம. 'அண்ணாச்சி, பஸ்ஸுக்கா'ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. மனுசன் அசதியில காதும் போச்சுன்னு நெனச்சேன்."

"நடந்து போக எனக்குத் தெம்பு இருந்தா இங்க எதுக்குடீ கெடக்கேன்?"

அவள் டீயைக் கொடுக்கவில்லை. வாசல் படியில் வைத்துவிட்டுப் போனாள். ஜெயபாய் வாய் பேசாமல் போனது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

பூதலிங்கம் மறுபடி பூட்டினார். இப்போது எண்ணிக்கொண்டே பூட்டினார். குழியில் மூன்று. தட்டில் ஒன்றும் இல்லை. மேக்னெட். போல்ட். மூடி. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு தடவை தட்டைத் திரும்பிப் பார்த்தார். ஏழாவது ஸ்க்ரூ வரை காலி. எட்டாவது ஸ்க்ரூ கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். இடுப்பு ஒரு தடவை கத்தியது. நிமிர்ந்தார்.

டிணுக்.

தட்டில் இரண்டு ரோலர்.

ஒன்று இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

மணி நாலு ஐம்பத்தைந்து. அவர் அப்படியே நின்றார். பயத்திலா, சோர்விலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓடலாம். ஓடினால் ஐந்தரை பஸ் கிடைக்கும். ஆனால் விடியுமுன் ராஜமணி, அந்தக் காலோடு, ஆற்றங்கரை இருட்டில் நின்று பட்டனை அமுக்குவார். விர்ர்ர்… பிடிக்காது.

இரண்டு ரோலரும் வெளியே என்றால் உள்ளே ஒன்றுதான். திறக்காமல் போக முடியாது.

திறந்தார்.

மூன்று குழி. மூன்று ரோலர்.

தட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

ஐந்து நாற்பதுக்கு மூன்றாவது தடவை பூட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. டிணுக். கொஞ்சம் விட்டு, டிணுக். இன்னும் கொஞ்சம் விட்டு…

காதைப் பொத்த இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

"சரியாயோ?"

பூதலிங்கம் துள்ளிவிட்டார். ராஜமணி. தலையில் பிளாஸ்டிக் கவர்.

"சரியாச்சு சார். எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம்."

"என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கீரு?"

"பசி."

ராஜமணி ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். பட்டன்.

டக்… டும் டும் டும் டும்.

ஒரே அமுக்கு. வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமியது. ராஜமணி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அணைத்தார். மறுபடி அமுக்கினார். டக்… டும் டும்.

"கொள்ளாம்! உம்ம கையைப் பொன்னு கெட்டி வைக்கணும்."

"சார்… உள்ள எதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லியே."

"சரி. போங்க."

சிவப்பு விளக்கு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஆறு ஐந்து. பிறகுதான் திரும்பினார்.

தட்டில் மூன்று ரோலர்.

மூன்றும் வரிசையாக நின்றன.

உள்ளே ஒன்றும் இல்லாத வண்டிதான் போயிருக்கிறது.

பையை எடுக்கவில்லை. செருப்பு ஒன்று கழன்றது. அதையும் விட்டுவிட்டு டீக்கடைப் போனுக்கு ஓடினார். ஓடினார் என்பது ஒரு பேச்சுக்கு. ராஜமணி வீடு கரமனையில். மூன்று தடவை அடித்து, நாலாவது தடவை எடுத்தார்.

"சார், வண்டியை நிப்பாட்டுங்க. காலையில எடுக்காதீங்க. உள்ள ரோலர் இல்ல."

"எந்து?"

"ரோலர் மூணும் இங்க என் தட்டுல கெடக்கு."

போனில் ராஜமணி சிரிப்பது கேட்டது. "நீரு போய்ப் படும் ஓய். இப்பத்தான் வீட்டு முற்றத்துல பெண்டாட்டிக்கு நாலு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காமிச்சேன். தொட்டா பிடிக்குது."

"சார்…"

"ஒரு காரியம் மட்டும் கேக்கணும்னு இருந்தேன். உம்ம கூட ஒர்க்‌ஷாப்புல யாரு? நான் பட்டனை அமுக்கும்போது உம்ம பின்னால ஆரோ கையைத் தட்டினது கேட்டுது."

பூதலிங்கம் போனை வைத்தார்.

ஜெயபாய் கடையை அடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஒன்பது மணிக்குத்தான் அடைப்பாள்.

பையை எடுக்கத் திரும்பி வர வேண்டியிருந்தது. பையில்தான் பஸ்ஸுக்குக் காசும் வேஷ்டியும். ஆறு ஐம்பதுக்கு உள்ளே காலை வைத்தார். கரண்ட் போயிற்று.

இருட்டு.

ஆணி எந்தப் பக்கம் என்று தடவினார்.

பை கிடைக்கவில்லை. சுவர் கிடைத்தது. சுவர் ஈரமாக இருந்தது.

எங்கோ மோட்டார் சுற்றியது. விர்ர்ர்…

வண்டி இல்லாத ஒர்க்‌ஷாப்பில்.

விர்ர்ர்… நின்றது.

இருட்டில் யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக. நெடுந்தூரம் நடந்து வந்தவர் உட்காருவதற்கு முன் விடுகிற மூச்சு.

எள் வாசனை.

கத்த வாயைத் திறந்தார். அதற்கும் தெம்பு வேண்டுமே… வரவில்லை. பெஞ்சு தானாக அவருக்குக் கீழே வந்தது.

பிடரியில் ஒரு கை.

ஈரமான கை. கனமான கை.

"நீ படு."

அவ்வளவுதான் கேட்டது.

கண் விழித்தபோது மணி ஐந்து பத்து. விடிகாலை. பெஞ்சில் நேராகப் படுத்திருந்தார். கழன்ற செருப்பும் காலில் கிடந்ததும் ஜோடியாகக் கீழே இருந்தன. பாதி திறந்து வைத்த ஷட்டர், முழுக்க இறங்கியிருந்தது. பை தலைமாட்டில்.

இருபது வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்று பூதலிங்கம் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. நாலாவது வருஷம்.

பிச்சம்மாளும் சொந்தக்காரர்களும் மூன்றரைக்கே வேனில் கன்னியாகுமரிக்குக் கிளம்பியிருப்பார்கள். பலி போட வேண்டியவன் ஸ்ரீவராகத்தில் பெஞ்சில் கிடக்கிறான். பெண்கள் வெறும் கையோடு கரையில் நிற்பார்கள். அப்பா…

ஐந்து ஐம்பது பஸ். நின்றுகொண்டே போனார். பாறசாலையில் ஒரு சீட் கிடைத்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயம். எட்டேகாலுக்கு வடசேரி. என்ன சொல்லலாம் என்று வழி நெடுக யோசித்தார். உண்மையைச் சொன்னால் அடி விழும். பொய் சொல்லவும் மூளை ஓடவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, தனியாகவாவது கடலுக்குப் போய்விடலாம் என்று தீர்மானித்து வீட்டு வாசலில் காலை வைத்தார்.

அடுக்களையில் பருப்பு தாளிக்கும் வாசனை. பிச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுவே அவருக்குப் பகீரென்றது.

"அதுக்குள்ள வந்துட்டீயளா? எல எங்க?"

"எலயா?"

"வாழையெல வாங்கிட்டு வாரேன்னு இப்பத்தான வெளிய போனீய? பத்து நிமிசம் ஆகல. அது என்ன பை? நேத்து பையை மறந்துட்டு வந்தேன்னீய."

பூதலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான்… எப்ப வந்தேன்?"

"நல்லாக் கேட்டீய போங்க. நேத்து சாயங்காலம் ஆறேகாலுக்கு. தொப்பலா நனைஞ்சு வந்து நின்னீய. சோறு போடட்டான்னேன். சாப்பிட்டாச்சு, பை மறந்துபோச்சுன்னீய. வேற ஒரு வார்த்தை பேசல. ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தீய. படுங்கன்னா, 'அவன் படுத்திருக்கான், போதும்'னு ஒரு பேச்சு. சரி, அசதியில உளறுதாருன்னு விட்டுட்டேன்."

"காலையில…?"

"காலையில என்ன? எல்லாருக்கும் முன்னால வேன்ல ஏறி உக்காந்துட்டீய. கடல்ல நீங்க இறங்குன மாதிரி யாரும் இறங்கல. கையைத் தட்டினதும் எங்கிருந்துதான் வந்துதோ, அம்புட்டு காக்கா. என் கண்ணு நெறஞ்சு போச்சு. மூணு வருசத்துக் கொறை தீந்துதுன்னு." தாளிப்பைக் கொட்டினாள். சுர்ரென்றது. அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் செஞ்சு, ஒண்ணைக் கெடுத்துட்டீயளே. ஐயரு தகப்பனார் பேரு கேட்டாரா இல்லியா? பேச்சிமுத்துன்னு சொல்லாம, சொரிமுத்துன்னு சொல்லுதீய! நான் கரையில இருந்து கத்துதேன், காதுல விழல. ஐயரு ரெண்டாவது தடவையும் கேட்டாரு. 'எங்க அப்பா பேரு சொரிமுத்து'ன்னு அழுதுட்டே சொன்னீய. அவரும் அதையே சொல்லிப் பிண்டம் போட வெச்சுட்டாரு. பெத்த அப்பன் பேரு மறந்துபோற அளவுக்கு மனுசனுக்கு என்ன அசதி?"

பூதலிங்கம் பையைக் கீழே வைத்தார்.

பூதலிங்கத்தின் அப்பா பெயர் பேச்சிமுத்து. செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. சொரிமுத்து என்பது பேச்சிமுத்துவின் அப்பா பெயர்.